வாக்கு நம்முடையது, கணக்கும் நம்முடையதாக வேண்டும்



ஜனாதிபதித் தேர்தல் ஒன்று வந்தால் மலையகத்தில் முதலில் நடப்பது வாக்களிப்பு அல்ல. நம் வாக்குகளைப் பற்றிய பேச்சுவார்த்தைதான். கொழும்பில் ஒரு மேசையின் ஒரு பக்கத்தில் வேட்பாளரும் மறுபக்கத்தில் நமது பெயரால் பேசுகிறவரும் உட்காருகிறார்கள். "மலையக மக்கள் எங்கள் பின்னால் நிற்கிறார்கள்" என்று அறிவித்துக் கைகுலுக்கிப் படம் எடுக்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் பார்த்துத்தான் நாம் யாருக்கு வாக்களிக்கப் போகிறோம் என்று நமக்கே தெரியவருகிறது!

நம்மை யார் கேட்டார்கள்? எந்தப் பிரட்டுக்களத்தில், எந்த லயத்தில் கேட்டார்கள்? கேட்காத கருத்தை எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

கொழுந்து மடுவத்தில் ஒரு கிலோ குறைத்து எழுதினால் நாம் சும்மா இருப்பதில்லை. தண்ணீர்க் கழிவு, சாக்குக் கழிவு என்று வெட்டினால் ஏன் என்று கேட்கிறோம். அரைப்பேர் போட்டால் சண்டைக்குப் போகிறோம். ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை இந்த நாட்டின் மிக உயர்ந்த அதிகாரத்தைத் தீர்மானிக்கும் வாக்கை மட்டும் யாரோ நிறுத்து, யாரோ விலை பேச விட்டுவிடுகிறோம். இந்தப் பழக்கம் முடிய வேண்டும். அதற்கு இரண்டு விடயங்கள் நமக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒன்று, மக்கள் கருத்தை எப்படி அளப்பது. மற்றது, ஜனாதிபதித் தேர்தலில் வாக்கு எப்படி எண்ணப்படுகிறது.

எளிதாகக் கிடைத்த வாக்கு அல்ல

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை மூட்டை பிரிப்பதுபோலப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேர் பிறகு பார்ப்போம் என்று விடப்பட்டார்கள். பத்து வருடங்கள் கழித்து அந்த மிகுதியையும் ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டார்கள்.

1982 ஒக்டோபர் 20ஆம் திகதி இந்த நாட்டு மக்கள் முதன்முறையாக ஒரு ஜனாதிபதியை நேரடியாகத் தெரிவு செய்தபோது, நம்மவர்களில் ஏராளமானோர் நாடற்றவர்களாகத் தேயிலை மலையில் நின்றுகொண்டிருந்தார்கள். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் என்று படிப்படியாகத்தான் அந்தக் கறை நீங்கியது. நம் பாட்டன் பாட்டிமாருக்கு இல்லாத வாக்கு நம் கையில் இருக்கிறது. அதை மொத்தமாகக் கட்டி இன்னொருவர் கையில் கொடுப்பதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

"வாக்கு வங்கி" என்ற பொய்

நம் பெயரால் பேசுகிறவர்கள் சொல்லும் கணக்கு எவ்வளவு தூரம் சரியானது? நுவரெலியா மாவட்ட முடிவுகளை எடுத்துப் பாருங்கள்.

2010இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மகிந்த ராஜபக்ஷவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர் சரத் பொன்சேகா. 2015இலும் அது மகிந்த ராஜபக்ஷவை ஆதரித்தது. மாவட்டத்தில் வென்றவர் மைத்திரிபால சிறிசேன. 2019இல் கோட்டாபய ராஜபக்ஷவை ஆதரித்தது. மாவட்டத்தில் வென்றவர் சஜித் பிரேமதாச. 2024இல் ரணில் விக்கிரமசிங்கவை ஆதரித்தது. மாவட்டத்தில் வென்றவர் மறுபடியும் சஜித் பிரேமதாச.

நான்கு தேர்தல்கள், நான்கு தடவையும் அறிவிப்பு ஒரு பக்கம், மாவட்டம் மறுபக்கம்.

"அப்படியானால் மக்கள் எங்கள் பக்கம்தான்" என்று மற்ற அணியில் நின்ற தலைவர்கள் மார்தட்ட வேண்டாம். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி சஜித் பிரேமதாசவை முதலிடத்தில் வைத்த அதே நுவரெலியா மாவட்டம், நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியை முதலிடத்தில் வைத்தது. இடையில் இருந்தது 54 நாட்கள். இரண்டு மாதங்கள்கூட ஆவதற்குள் மக்களின் எண்ணம் அவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது. இந்த வங்கியின் சாவி எந்தத் தலைவரின் இடுப்பில் இருந்தது?

நுவரெலியா மாவட்டத்தில் சிங்கள மக்களும் முஸ்லிம் மக்களும் கணிசமாக வாழ்கிறார்கள். ஆகவே மாவட்ட முடிவு தோட்டத் தொழிலாளரின் மனதை அப்படியே காட்டும் கண்ணாடி அல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "மலையகம் முழுவதும் எங்கள் சொல்லுக்குக் கட்டுப்படும்" என்று சொல்கிறவர்கள் அந்தக் கணக்குக்கு ஒரு ஆதாரமாவது காட்ட வேண்டாமா? நான்கு தேர்தல்களில் காட்டவில்லை.

அவர்கள் காட்டும் ஒரே ஆதாரம் கூட்டம். மைதானம் நிறைந்தது, பஸ் நிறைந்தது என்பார்கள். அந்த பஸ்ஸில் யார் ஏறுகிறார்கள் என்று நமக்குத் தெரியாதா? தோட்டத் தலைவர் பெயர் எழுதினார் என்பதற்காக ஏறுகிறவர் உண்டு. டவுனில் ஒரு வேலை முடித்து வரலாம் என்று ஏறுகிறவர் உண்டு. நேற்று ஒரு கட்சியின் தொப்பி, இன்று வேறொரு கட்சியின் தொப்பி என்று அதே தலைகள்தான். கூட்டத்தை எண்ணினால் பஸ்களின் எண்ணிக்கை தெரியும், மக்களின் கருத்து தெரியாது.

இந்தப் பொய்யால் நட்டம் யாருக்கு? நமக்குத்தான். ஒரு தலைவர் கையெழுத்துப் போட்டால் தோட்டம் முழுவதும் வரும் என்று வேட்பாளர் நம்பினால், அவர் அந்த ஒருவரைத் திருப்திப்படுத்தினால் போதும். ஒரு அமைச்சு, ஒரு வாகனம், ஒரு ஆலோசகர் பதவியுடன் கணக்கு முடிந்தது. 2019 தேர்தலில் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வாக்குறுதியாக வந்தது. வர்த்தமானியில் வெளிவர 2021 மார்ச் வரை காத்திருந்தோம். 2024இல் மே தினத்தையொட்டி 1,700 ரூபாய் என்று முழங்கினார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் செப்டெம்பரில், தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன், கையில் கிடைத்தது 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளம். ஆதரவு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்டது. சம்பளம் மட்டும் தவணை முறையில் வந்தது.

கருத்துக்கணிப்பில் நாம் எங்கே?

தலைவர்களின் வாய்க்கணக்கு வேண்டாம் என்றால் கருத்துக்கணிப்புகளை நம்பலாமா? இதையும் சற்று யோசித்துப் பார்ப்போம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டில் சொல்வார்கள். கருத்துக்கணிப்பின் அடிப்படையும் அதுதான். நாடு முழுவதையும் கேட்க முடியாது, சிலரைக் கேட்டு எல்லாருடைய மனதையும் கணிக்கலாம். ஆனால் அந்தப் பழமொழி பொய்க்காமல் இருக்க பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். அடியில் தீய்ந்து மேலே அரிசியாகக் கிடந்தால், மேலே இருந்து எடுத்த ஒரு சோறு அடிப்பானையைப் பற்றி என்ன சொல்லும்? மடுவத்தில் நல்ல கொழுந்து எத்தனை வீதம் என்று பார்க்கச் சாக்கின் மேலிருந்து மட்டும் ஒரு பிடி அள்ளினால், "அடியிலிருந்தும் எடுங்கள்" என்று நாம் சொல்வதில்லையா? அந்த நியாயம்தான் இங்கேயும்.

1936இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற சஞ்சிகை ஜனாதிபதித் தேர்தலைக் கணிக்க முயன்றது. சுமார் ஒரு கோடிக் கடிதம் அனுப்பி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்றது. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் ஆகியோரின் பட்டியல்களிலிருந்து பெருமளவு பெயர்களை எடுத்ததும், பதில் அனுப்ப மனமிருந்தவர்கள் மட்டுமே அனுப்பியதும் அந்தக் கணக்கைக் கவிழ்த்தன. பொருளாதார நெருக்கடியில் நொந்திருந்த ஏழையின் குரல் அந்தக் கடிதக் குவியலுக்குள் போதிய அளவு வரவில்லை. அதே வருடம் கலப் என்பவர் மிகக் குறைந்த தொகையினரை, ஆனால் பல தரப்பினரையும் கேட்டு, ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட யார் யாரைக் கேட்டோம் என்பதே பெரியது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 4.4 பேர். நாடு முழுவதும் 1,000 பேரைக் கேட்கும் ஒரு கணிப்பு ஒழுங்காக நடந்தாலும் அதில் தோட்டத்தவர் 44 பேர்தான் இருப்பார்கள். 1,000 பேர் கொண்ட மொத்தக் கணிப்பில் தவறு சுமார் 3 வீதம் மேலோ கீழோ போகும். 44 பேரை மட்டும் பிரித்துப் பார்த்தால் அது சுமார் 15 வீதம் ஆகிவிடும். அந்த 44 பேரில் பாதிப்பேர் ஒரு வேட்பாளரைச் சொன்னார்கள் என்று வையுங்கள். உண்மையில் தோட்டங்களில் அவருக்கு 35 வீதமும் இருக்கலாம், 65 வீதமும் இருக்கலாம். இதை வைத்து "மலையகம் இப்படி நினைக்கிறது" என்று எவராவது சொன்னால் அது கணிப்பு அல்ல, ஜோசியம்.

அந்த 44 பேரும் எப்படிப் பதில் சொல்வார்கள்? தொலைபேசியில் கேட்டால் சிக்னல் இல்லாத டிவிஷன் விடுபடும். பகலில் வீட்டுக்கு வந்தால் மலையில் நிற்கும் பெண் விடுபடுவார். சிங்களத்தில் கேட்டால் பாதி புரியாது. கொழும்பில் கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வேலை செய்து, வாக்களிக்க மட்டும் தோட்டத்துக்கு வரும் நம் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் லயத்து வாசலில் நின்று, பக்கத்து வீட்டார் கேட்க, "யாருக்குப் போடப் போகிறீர்கள்?" என்றால், நம்மில் எத்தனை பேர் உள்ளதைச் சொல்வோம்? யாருக்குச் சொன்னால் பாதுகாப்போ அவரைச் சொல்வோம். பரம்பரையாகக் கற்ற பாடம் அது.

ஆகவே கருத்துக்கணிப்பு நடத்துகிற நிறுவனங்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்று. தோட்டப்புறத்தில் எத்தனை பேரைக் கேட்டீர்கள், எந்த மொழியில் கேட்டீர்கள், பெண்கள் எத்தனை பேர் என்பதை முடிவோடு சேர்த்து வெளியிடுங்கள். வெளியிட முடியாவிட்டால் எங்கள் பெயரில் ஒரு முடிவும் சொல்லாதீர்கள்.

33 இலட்சம் சீட்டுகளும் ஒரு வெற்றுக் கட்டமும்

அடுத்தது வாக்கு எண்ணும் முறை. இதில்தான் நாம் கையில் இருக்கும் ஆயுதத்தின் பாதியைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம்.

ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெறுகிறவர் உடனே வெல்கிறார். ஒருவருக்கும் பாதி கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். 2 என்று எழுதிய இடத்தில் அந்த இருவரில் ஒருவர் இருந்தால் வாக்கு அவருக்குச் சேரும். அங்கே இல்லாவிட்டால் 3ஐப் பார்ப்பார்கள். அங்கேயும் இல்லாவிட்டால் அந்தச் சீட்டின் பேச்சு அத்துடன் முடிந்தது.

1982 முதல் 2019 வரை எல்லாத் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டினார். அதனால் இந்த இரண்டாவது கட்டத்தை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் 2005இல் மகிந்த ராஜபக்ஷ அந்தக் கோட்டைத் தாண்டியது சுமார் 28,000 வாக்குகளால்தான். 2024இல் முதன்முறையாக எவரும் தாண்டவில்லை. அநுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915 வாக்குகள், சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035 வாக்குகள். செல்லுபடியான மொத்த வாக்குகள் 13,319,616. இந்த இருவருக்கும் விழாத வாக்குகள் மட்டும் 33 இலட்சத்துக்கு மேல்.

அந்த 33 இலட்சம் சீட்டுகளையும் மறுபடி பார்த்தபோது, அநுர குமாரவுக்குச் சேர்ந்தவை 105,264, சஜித்துக்குச் சேர்ந்தவை 167,867. இரண்டும் சேர்த்து 273,131. நூற்றுக்கு எட்டுச் சீட்டுகள்! மீதி 92 சீட்டுகளும் இரண்டாவது கட்டத்தில் வாய் திறக்கவில்லை. இறுதியில் 5,740,179 வாக்குகளுடன் அநுர குமார ஜனாதிபதியானார். செல்லுபடியான மொத்த வாக்குகளில் அது சுமார் 43 வீதம். சட்டப்படி அது முழுமையான வெற்றி. அதில் கேள்வி இல்லை. யார் வென்றிருக்க வேண்டும் என்பதும் இந்தக் கட்டுரையின் பேச்சல்ல. நமது பேச்சு, 30 இலட்சம் பேருக்கு மேல் தங்கள் பேச்சின் இரண்டாம் பாதியைப் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள் என்பதுதான். ரணில் விக்கிரமசிங்கவுக்கும் மற்றவர்களுக்கும் வாக்களித்த தோட்டத் தொழிலாளர்களும் அதில் இருக்கிறார்கள்.

ஏன் பேசவில்லை? சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தத் தலைவர் மேடையில் நின்று, "எங்கள் வேட்பாளருக்கு 1 போடுங்கள், அவர் தோற்றால் உங்களுக்கு அடுத்தபடி நல்லவர் என்று படுகிறவருக்கு 2 போடுங்கள்" என்று பொறுமையாக விளக்கினார்? அப்படிச் சொன்னால் தொழிலாளி தானாக யோசிக்கத் தொடங்குவார். வாக்கை மொத்தமாகக் கட்டி விற்க வந்தவருக்கு அது கட்டுப்படியாகாது. "ஒரு புள்ளடி போடு, வீட்டுக்குப் போ" என்பதுதான் அவருக்கு வசதி.

புள்ளடி மட்டும் போட்டாலும் சீட்டு செல்லும். ஆனால் அது ஒரு தடவைதான் பேசும். விருப்புகளைக் காட்ட விரும்பினால் 1, 2, 3 என்று இலக்கங்களையே எழுதுங்கள். புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்காதீர்கள். 2024இல் 300,300 சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுகூட அடுத்த தடவை நம் தோட்டத்திலிருந்து போகக் கூடாது.

இரண்டாம் விருப்பின் பலன் எண்ணும்போது மட்டும் அல்ல. தேர்தலுக்கு முன்பே அதற்குப் பலன் உண்டு. தோட்டத்து மக்கள் 2, 3 எழுதுவார்கள் என்று தெரிந்தால், நம் முதல் வாக்கு கிடைக்காது என்று தெரிந்த வேட்பாளரும் நம்மிடம் வர வேண்டியிருக்கும். காணியைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி, தனிவீட்டைப் பற்றி அவரும் பேச வேண்டியிருக்கும்.

நாம் செய்ய வேண்டியது

"தொழிலாளிக்கு இதெல்லாம் விளங்காது, தலைமை முடிவெடுப்பதுதான் ஒற்றுமை" என்பார்கள் சிலர். கொழுந்தின் கிலோவையும் கைக்காசையும் பிடிப்பனவுகளையும் மனதிலேயே கூட்டிக் கழிக்கும் பெண்ணுக்கு 1, 2, 3 விளங்காதா? சந்தாவை செக்ரோலில் பிடிக்கும்போது நம் கையெழுத்து வேண்டும், முடிவெடுக்கும்போது நம் கருத்து வேண்டாமா? கேட்டுப் பெற்ற சம்மதத்தின் பெயர் ஒற்றுமை. கேட்காமல் எடுத்ததற்குப் பெயர் வேறு.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வர வேண்டும். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று சொன்னவர்கள் பலர், ஒழித்தவர் எவரும் இல்லை. ஆகவே அது வரும் என்று வைத்தே ஆயத்தமாவோம்.

முதலாவது, எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதாக அறிவிக்கும் முன் ஒவ்வொரு தொழிற்சங்கமும் தன் அங்கத்தவர்களிடம் இரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். இந்தச் சங்கத்துக்கும் அதே விதிதான். டிவிஷனுக்கு ஒரு பெட்டி, மடித்த சீட்டு, எல்லாரும் பார்க்க எண்ணிக்கை. முடிவில் பிரிவினை இருந்தால் பிரிவினை இருப்பதாகவே வெளியிட வேண்டும்.

இரண்டாவது, எல்லாரையும் கேட்க முடியாத இடத்தில் சரியான முறையில் சிலரைக் கேட்போம். வாக்காளர் பட்டியலை எடுத்துப் பத்தாவது பெயர், இருபதாவது பெயர் என்று வரிசையாக எடுப்போம். தலைவருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று பொறுக்கக் கூடாது. ஓய்வுபெற்றவரும் கொழும்பில் இருக்கும் பிள்ளையும் அந்த வரிசையில் வந்தால் அவர்களையும் கேட்க வேண்டும். கேட்கப் போகிறவர் வேறு டிவிஷனைச் சேர்ந்தவராக இருக்கட்டும். பாதிப்பேராவது மாதர் சங்கத்தினராக இருக்கட்டும். பெயர் எழுதாத சீட்டில் பதிலை வாங்குவோம்.

மூன்றாவது, மாதர் தலைவிமாரும் இளைஞர்களும் மாதிரி வாக்குச்சீட்டு வைத்து 1, 2, 3 எழுதும் பழக்கத்தை ஒவ்வொரு லயத்துக்கும் கொண்டு போக வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு அல்ல, இப்போதிருந்தே.

நான்காவது, பதினெட்டு வயதான ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் வருடந்தோறும் பார்க்க வேண்டும். 1949இல் பெயரை வெட்டினார்கள். இன்று நம் கவலையீனத்தால் ஒரு பெயர் விடுபட்டால் அதற்கு எந்தச் சட்டத்தையும் குறை சொல்ல முடியாது.

தோழர்களே, நம் கொழுந்தை நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையைப் போராடித்தான் பெற்றோம். நம் கருத்தை நிறுக்கும் தராசையும் நம் கண்ணுக்கு முன்னால் வைக்கச் சொல்வோம். வைக்க மறுக்கிறவரிடம், வேட்பாளராக இருந்தாலும் தலைவராக இருந்தாலும், ஒரே பதில் சொல்வோம். எங்கள் வாக்கைப் பற்றி எங்களிடம் பேசுங்கள்.